டிஎக்ஸ் கார், வெபர் கார்பரேட்டர், இரண்டு உயரம்

ஒரு வழியாக கார்பரேட்டரின் செகண்டரி திறக்கும் இடத்தில் வண்டி முக்குவது நின்றுவிட்டது. காற்றோடு பெற்றோலைக் கலக்கும் கார்பரேட்டரில் இரண்டு குழாய்: எப்போதும் வேலை செய்வது பிரைமரி, ஆழமாக மிதித்தால் மட்டும் திறப்பது செகண்டரி. தலவாக்கலையில் இருந்து நானுஓயா வரை ஏறிப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தால் இழுக்கிறது. இடையில் ஒரு செருமல் இல்லை, பின்னால் கறுப்புப் புகை இல்லை. இதற்காக எங்களுடைய எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்ற கணக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இருக்கிறது.

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக நாங்கள் தயார் செய்யும் வண்டி டொயோட்டா கொரோலா கேஈ70, நம் ஊர் வழக்கில் டிஎக்ஸ். செடான்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடினோம். வேகன் என்றால் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதன் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். செடானில் கொயில் ஸ்பிரிங்கும் நாலு லிங்க்கும். வளைவில் போட்டுப் பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களுக்கு வந்த மவுசு இருக்கிறதே, துருப்பிடித்த டிஎக்ஸ் வைத்திருந்தவன்கூட மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டான். 2025இல் இறக்குமதி மறுபடி திறந்தும் அந்தப் பேச்சு குறையவில்லை. எங்களுக்குக் கிடைத்தது எஞ்சின் பிடித்துப்போய், தரையில் ஓட்டை விழுந்து, கோழி அடைந்துகொண்டிருந்த, பழைய ஸ்ரீ நம்பர் தகடு போட்ட வண்டி. விலையை இங்கே எழுதமாட்டேன், வீட்டில் வாசிப்பார்கள்.

எஞ்சின் விஷயம் சுருக்கமாக: 1290 சிசி 4கே இருந்த இடத்தில் லைட்ஏஸ் வேனின் 1486 சிசி 5கே. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் அதே 73 மில்லிமீற்றர், சிலிண்டர் விட்டம் (போர்) மட்டும் 75இல் இருந்து 80.5. கியர் பொக்ஸ் அப்படியே ஏறும். வேனில் எஞ்சின் சரிந்து உட்காருவதால் அடியில் உள்ள ஒயில் தொட்டியையும் (சம்ப்) ஒயில் உறிஞ்சும் குழாயையும் 4கேயில் இருந்து கழற்றிப் போட வேண்டும். செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் கம்பிக்கூடு) வெல்டிங், சீட், பெல்ட் எல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு கார்பரேட்டர் மட்டும்தான், ஏனென்றால் என் மண்டைக்குள் இப்போது வேறு எதுவும் இல்லை.

வேனோடு வந்த அய்சான் கார்பரேட்டரின் ஷாஃப்ட் ஆடியது. புஷ் அடித்துப் பார்க்கலாம் என்றேன். என்னோடு இந்த வண்டியைச் செய்யும் கூட்டாளி கேட்கவில்லை. "மச்சான், ஓட்டைப் பானைக்கு ஈயம் பூசாதே, வெபர் போடு" என்று ஒரே பிடி. அவன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரோலரின் பெயரிங் எது சாகப் போகிறது என்று நீளமான ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டே சொல்லிவிடுவான், அதனால் அவனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. பழைய வெபர் 32/36 டிஜிவி ஒன்று கண்டியில் கிடைத்தது. எஞ்சினுக்குக் கலவை போகும் மெனிஃபோல்டில் அது நேரே உட்காராது, நடுவில் அடெப்டர் தட்டு வேண்டும். லேத் பாஸ் ஒருவரிடம் அலுமினியத்தில் வெட்டி வாங்கினோம். பார்க்க லட்சணமாக இருந்தது. பூட்டினால் ஐட்லிங் ஒரே நிலையில் நிற்கவே இல்லை, 1500 சுற்றுக்கும் 900க்கும் இடையில் ஏறி இறங்கியது. கூட்டாளி ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியைத் தட்டைச் சுற்றி நகர்த்தினான். பின் வலது மூலையில் "உஸ்". தட்டில் வளைவு. ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, எட்டு வடிவத்தில் தேய்த்துத் தேய்த்து முழுப் பரப்பும் ஒரே சாம்பல் நிறமாகும்வரை அவன் விடவில்லை. காற்றுக் கசிவை அடைக்காமல் ஜெட்டை, அதாவது பெற்றோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துளையை, தொடாதீர்கள். கசிவுள்ள எஞ்சினில் எந்த ஜெட் போட்டாலும் அது சொல்வது பொய்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. ஹட்டன் கிட்டத்தட்ட 1270 மீற்றர், நுவரெலியா 1868. நாங்கள் கடைசியில் ஓட்ட நினைத்திருக்கும் கட்டுகுருந்த பந்தயத் தடம் இருப்பதோ கடற்கரையில். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 17 வீதம் குறைவு. எஞ்சினுக்குப் போகும் காற்று அதே 17 வீதம் குறையும். ஆனால் பெற்றோல் அதே அளவுக்குக் குறையாது. கார்பரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் (வெஞ்சூரி) பிறக்கும் உறிஞ்சல் அடர்த்தியோடு சேர்ந்து குறைந்தாலும், ஜெட் வழியாக வரும் பெற்றோல் அந்த உறிஞ்சலின் வர்க்கமூலத்தின்படிதான் குறையும். ஆக பெற்றோல் 9 வீதமளவில்தான் இறங்குகிறது, கலவை 9, 10 வீதம் கனத்துப் போகிறது. ஹட்டனில் இது 6 வீதமளவு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, சென்சர் பார்த்துக்கொள்ளும். நமக்கு ஸ்குரூ டிரைவர்தான் சென்சர்.

ஜெட்டின் ஓட்டை அளவு நூறில் ஒரு மில்லிமீற்றர் கணக்கில் அதன் தலையில் அடித்திருக்கும். 140 என்றால் 1.40. பரப்பில் 9 வீதம் குறைய வேண்டும் என்றால் விட்டத்தில் அதில் பாதி. அதனால் கீழே 140 சரியென்றால் மேலே 133, 134 வர வேண்டும். கடையில் கிடைப்பது 132 அல்லது 135. கணக்கு இவ்வளவுதான், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் போட்டுவிடலாம். வண்டி மட்டும் கணக்கு படித்திருக்கவில்லை.

இரண்டு பக்கமும் 135 போட்டோம். பெற்றோலில் காற்றுக் குமிழைக் கலக்கும் எமல்ஷன் குழாய் வந்தபடியே எஃப்50, தொடவில்லை. பிரைமரியில் மட்டும் ஓடும்போது தங்கம். மிதியை முக்கால்வாசி தாண்டி செகண்டரி திறந்ததும், யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்த கணக்கில் ஒரு தொய்வு, பிறகு கறுப்புப் புகை. பம்ப் ஜெட் மாற்றினோம், ஃப்ளோட் உயரம் பார்த்தோம், செகண்டரியின் ஐட்லிங் ஜெட்டைச் சின்னதாக்கினோம். கொஞ்சம் முனகல் குறைந்தது, தொய்வு போகவில்லை.

வைட்பேண்ட் மீற்றர் வாங்கியது அந்தக் கோபத்தில்தான். ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று புகையை வைத்துச் சொல்லும் மானி அது; எண் இறங்கினால் கலவை கனம், ஏறினால் மெலிவு. பட்ஜெட் வண்டிக்கு இது ஆடம்பரம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது சொல்கிறேன், நல்ல ரிம்முக்கு வைத்திருக்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள். சைலன்சர் குழாயில், எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு நட்டை வெல்ட் பண்ணி சென்சரைப் பூட்டினோம். தண்ணீர் தேங்காதபடி கொஞ்சம் மேல்நோக்கிய சரிவில் இருக்க வேண்டும். கூட்டாளி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்ணைச் சத்தமாக வாசிப்பான், நான் ஓட்டுவேன். பிரைமரியில் 12.8, 12.7. செகண்டரி திறந்ததும் "பதினொன்று... பத்தரை... டேய் காலை எடு!"

பத்தரை என்றால் 135 ஜெட் தரக்கூடிய எண் இல்லை. கார்பரேட்டரைத் திறந்து செகண்டரி மெயின் ஜெட்டை வெளியே எடுத்தோம். தலையில் தெளிவாக 135. கூட்டாளி தன் சின்னத் துளைப்பான் பெட்டியைக் கொண்டுவந்து, பித்தளையில் கீறல் விழாதபடி துளைப்பானின் மழுங்கிய முனையால் அளந்தான். 1.35 விழுந்தது. 1.40 விழுந்தது. 1.45 தொளதொளவென்று இறங்கியது. 1.50தான் வாசலில் நின்றது. கொழும்பில் ஒரு கடையில், அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்ற ஜெட். அதே பொட்டலத்தில் இருந்த மற்றவற்றையும் அளந்தோம், எண்ணும் ஓட்டையும் ஒத்துப்போனவை பாதிகூட இல்லை. கடைக்குப் போன் போட்டால், "தம்பி, நம்பர் அடிச்சிருக்கே, பாருங்க" என்கிறார். ஆமாம், நம்பர்தான் அடித்திருக்கிறது.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கார்பரேட்டர்களைக் குவித்து வைத்திருக்கும் கடைகளில், உடைந்த வெபரின் உடம்பில் இருந்து கழற்றும் பழைய ஜெட்தான் நம்பகமானது. துளைப்பானைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் அளந்து வாங்குங்கள்.

எங்களுக்கு மறுபடி கொழும்பு போக நேரமில்லை. கூட்டாளி பழைய முறையைக் கையில் எடுத்தான். ஜெட்டின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, 1.35 துளைப்பானைக் கைப்பிடியில் மாட்டி, விரலால் உருட்டியே புதிதாகத் துளைப்பது. மோட்டார் துளைப்பான் கூடவே கூடாது, ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். நேராக இறங்குகிறதா என்று பார்க்க, ஜெட்டை ஒரு நட்டுக்குள் திருகி, மேசைமேல் வைத்து, டோர்ச் வெளிச்சத்தைக் கீழே இருந்து அடித்தான். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் சரி, பிறை மாதிரித் தெரிந்தால் அடைத்துவிட்டு மறுபடி. இன்னொன்று, பெற்றோல் நுழையும் பக்கத்தின் சரிவு. அந்த விளிம்பு கூராக இருந்தால் ஒரே அளவு ஓட்டையிலும் ஓட்டம் குறையும். நல்ல ஜெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிய துளைப்பானின் நுனியால் இரண்டு சுற்று மட்டும் கொடுத்து அந்தச் சரிவை எடுத்தான்.

அதன் பிறகு ஹட்டனில் முழு மிதியில் 12.8. நானுஓயாவைத் தாண்டி நுவரெலியா வாசலில் 12.5. 132 போட்டால் நுவரெலியாவில் 13 வரும், ஆனால் ஹட்டனில் 13.4க்குப் போய்விடும், எனக்கு அது பிடிக்கவில்லை. மலைநாட்டுக்கு 135 என்று முடிவு. பிளக்கும் அதையே சொன்னது: பீங்கான் பகுதி வெளிறிய தேயிலைச் சாய நிறம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரி.

சோதனை ஓட்டம் எல்லாமே அதிகாலையில், ஏற்றத்தில், இரண்டாம் கியரில். 4500 சுற்றுக்குப் போனாலும் வேகம் மணிக்கு 60ஐச் சுற்றித்தான் நிற்கும், எஞ்சினுக்கு முழுப் பாரமும் கிடைக்கும். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் உயிர் போனது. அதிகாரிகள் நின்று நடத்திய இடத்திலேயே அந்தக் கதி என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் ஏ7 பாதையில் வேகம் பார்ப்பவனை என்ன சொல்வது? வேகம் வேண்டுமென்றால் தடத்துக்குப் போக வேண்டும். இந்த வண்டியே அதற்காகத்தான்.

இனிக் கீழ்நாடு. அதே 135ஓடு கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறக்கினோம். கீழே போய் முழு மிதி கொடுத்தால் 13.7, கூடவே ஆணி தட்டுகிற சத்தம். மலையில் மெல்லிய காற்றுக்கு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, கொஞ்சம் முன்னால் வைத்திருந்தோம், 12 டிகிரி. அங்கே எஞ்சினுக்கு அது இனிப்பு. கீழே சிலிண்டருக்குள் காற்று நிறைந்து, கலவையும் மெலிந்து, போதாததற்கு அந்த வெயில். ஒக்டேன் 92க்கு அது தாங்காது. பாதையோரத்தில் கார்பரேட்டர் மூடியைத் திறந்து 140க்கு மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி 8 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் 12.7க்கு வந்தது, சத்தமும் அடங்கியது. ஆனால் 5000 சுற்றுக்கு மேல் கலவை மறுபடி மெலிகிறது. மெயின் ஜெட்டைக் கூட்டினால் நடுவில் கனத்துப் போகும், அதனால் அது எமல்ஷன் குழாய்க்குக் காற்றை அளந்து விடும் ஏர் ஜெட்டின் வேலை. இப்போது பிரைமரியில் 170, செகண்டரியில் 160. ஏர் ஜெட்டைச் சின்னதாக்கினால் மேல்சுற்றில் மட்டும் பெற்றோல் கூடும் என்பது தெரியும், எவ்வளவு என்பது ஓட்டித்தான் தெரியும்.

ஆகவே இப்போது டேஷ்போர்ட் பெட்டியில் இரண்டு சின்ன மருந்துப் போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றில் "மேல்", ஒன்றில் "கீழ்" என்று கூட்டாளி பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறான். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்திலும் இரண்டு கீறல். கினிகத்தேனையில் நின்று மாற்ற ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் போதும். ஜெட் கழற்றும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், மெனிஃபோல்டுக்குள் விழுந்தால் அன்றைய நாள் போச்சு.

ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், மானி இன்னும் நடுவில் நிற்கும்போதே கொதிக்கத் தொடங்கும். எங்கள் பழைய மூடியை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டோம்.

பிரேக் இன்னும் ஆரம்பிக்கவில்லை. முன்பக்கப் பேட் வாங்கியாகிவிட்டது, எண்ணெய் டொட் 4. கித்துல்கலை இறக்கத்திலேயே பெடல் மிருதுவானதால் முன் பிரேக்குக்குக் காற்றுக் குழாய் ஒன்று வைக்க வேண்டும். ரிம் தேடுகிறோம், 13 அங்குலம், நாலு போல்ட், போல்ட் வட்டம் 114.3 மில்லிமீற்றர். கண்டிப் பக்கம் கேட்கும் விலைக்கு வண்டியின் பாதியை வாங்கலாம். பின் அச்சின் டிஃப் 4.3 கியர் விகிதத்தில் கிடைத்தால் ஏற்றத்துக்கு நல்லது என்கிறான் கூட்டாளி. அவனுக்குக் கட்டுகுருந்தவைவிட நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் நடக்கும் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தின் மேல்தான் கண். 1934இல் தொடங்கிய ஓட்டத்தில் நம் கோழிக்கூடும் ஏற வேண்டும் என்கிறான். எனக்கு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை போட்ட அந்தக் கடற்கரை ஓடுபாதையில் ஒரு முழுச் சுற்று, செகண்டரி திறந்தபடி, போதும். இந்தச் சண்டை முடியாமல் டிஃப் வாங்குவதாக இல்லை.

அதற்கு முன் அந்த 5000க்கு மேற்பட்ட மெலிவைத் தீர்க்க வேண்டும். ஏர் ஜெட் 155, 165 யாரிடமாவது அளந்து பார்த்தது இருந்தால் சொல்லுங்கள். நம்பர் அடித்ததை நம்பி வாங்கமாட்டோம், துளைப்பானோடுதான் வருவோம்.