96 கோடுகள்

வெள்ளவத்தையில் 22 வருடமாக வயலின் திருத்துகிறேன். கடற்கரை ஈரக்காற்று இந்த வாத்தியத்துக்குப் பகை. மழைக்காலத்தில் பலகைகளை ஒட்டியிருக்கும் வச்சிரப் பசை இளகி, ஓரங்கள் வாய் பிளந்துவிடும்.

போன மாதம் ஒரு சங்கீத டீச்சர் கொண்டுவந்த பழைய வயலினில் வெடிப்பு. மேற்பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது. மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்துப் பொறுமையாக நெம்பினால் 'டிக் டிக்' என்று விட்டுக்கொடுக்கும். கழற்றியதை விளக்கின் கீழ் வைத்து, நடு ஒட்டிலிருந்து ஓரம்வரை ஊசிமுனையால் கோடுகளை எண்ணினேன். 96. கோட்டுக்கு ஒரு வருடம். உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு மரத்தின் 96 வருட வளர்ச்சி.

மேற்பலகைக்கு எடுப்பது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். அது குளிர்மலையில் மெதுவாக வளர்ந்தால்தான் கோடு இப்படி நெருங்கும். அதற்குப் பேர்போனது வட இத்தாலியின் பனெவெஜ்ஜோ காடு. பழைய வயலின் மேதை ஸ்ட்ராடிவாரி அங்கேதான் மரம் எடுத்தார் என்று எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்வார்கள். 2018 அக்டோபர் 29 அன்று 'வாயா' புயல் அந்த மலைகளில் புகுந்தது. காற்று மணிக்கு 200 கிலோமீற்றரைத் தொட்டது. சுமார் 42,000 ஹெக்டேயர் காடு நாசம்.

செய்தி கேட்டபோது, விழுந்த மரங்களை நினைத்துத்தான் பதறினேன். மிச்சம் பிறகுதான் தெரிந்தது. விழுந்த மரத்தின் பட்டைக்குள் அரிசியளவு வண்டு குடியேறும். நல்ல மரம் பிசின் கக்கி அதை விரட்டிவிடும். தீனி மலிந்து வண்டு பெருத்து, கோடை வறட்சியும் சேர்ந்தால் நல்ல மரமும் தாங்காது. 2022 அளவில், புயலுக்குத் தப்பிய சரிவுகளும் செம்பழுப்பாகக் காய்ந்தன. கீழே உள்ள ஊர்களைப் பனிச்சரிவிலிருந்து காத்துநின்ற மரங்கள் அவை. இன்று நடும் கன்றிலிருந்து மேற்பலகை எடுக்க 150 வருடமாவது செல்லும். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வண்டோடு ஒரு பூஞ்சணமும் மரத்துக்குள் போய் நீலக்கறை படியவைக்கும். 3 வருடத்துக்கு முன் நான் வரவழைத்த 4 பலகைகளில் ஒன்றின் ஓரத்தில் அப்படிச் சாம்பல்நீலம் படர்ந்திருந்தது. எந்தக் காடு என்று விற்றவர் சொல்லவில்லை. வலு பெரிதாகக் குறையாது, ஆனாலும் வாத்தியத்துக்குப் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். எறிய மனம் வராமல் அலுமாரிமேல் வைத்திருந்தேன்.

டீச்சரின் வயலின் வெடிப்புக்கு உள்ளிருந்து ஒட்டும் சிறு துண்டுகளை அந்த நீலப் பலகையிலிருந்தே சீவினேன். மூடுவதற்கு முன் அவர் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, நீலமா இருக்கு?"

"வண்டு விழுந்த மரம் டீச்சர். சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது."

விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மூடச் சொன்னார்.