இடப்பக்கம் திருப்பினால் நின்றுபோன ரீச் டிரக்

கிருஷ்ணகிரி அருகே மாம்பழக் கூழ் ஆலையொன்றில் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். தோத்தாபுரி வரத்து மும்முரமாக இருந்த சமயத்தில், கூழ் டிரம்களை உயரத்தில் தூக்கி அடுக்கும் 48 வோல்ட் பேட்டரி வண்டியான ரீச் டிரக், இடப்பக்கம் முழுவதும் திருப்பும்போதெல்லாம் திரையில் ஸ்டியரிங் பழுது என்று காட்டிவிட்டு நின்றது. சாவியை அணைத்துப் போட்டால் ஓடும். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் நிற்கும்.

இந்த வண்டியில் ஸ்டியரிங் வளையத்தையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு கிடையாது. வளையத்தின் அடியிலுள்ள சென்சார் சொல்வதைக் கேட்டுக் கன்ட்ரோலர் ஸ்டியரிங் மோட்டாரை இயக்குகிறது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை இன்னொரு சென்சார் தெரிவிக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் பாதுகாப்பு கருதி வண்டி நின்றுவிடும். எனவே திரையில் வரும் பழுது அறிவிப்பை மட்டும் நம்பிப் பாகம் வாங்குவது வீண் செலவு. கன்ட்ரோலரையே மாற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள். அதன் விலையைக் கேட்ட பிறகு மேலாளர் எனக்குத் தாராளமாக அவகாசம் கொடுத்தார்.

பேட்டரியின் வோல்டேஜ் சுமையிலும் இறங்கவில்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ்களும் நன்றாகவே இருந்தன. சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, அதன் அருகே யாரும் கை வைக்காதபடி பார்த்துக்கொண்டு, உதவியாளரை வளையத்தை மெல்லத் திருப்பச் சொன்னேன். கோணத்தைக் காட்டும் சென்சாருக்கு 5 வோல்ட் போகிறது. சக்கரம் திரும்புவதற்கேற்ப சென்சாரின் சிக்னல் சீராக மாறவேண்டும். டிஜிட்டல் மீட்டரில் எதுவும் பிடிபடவில்லை. பழைய முள் மீட்டரை இணைத்தபோதுதான், சீராக நகர்ந்த முள் இடக்கோடியை நெருங்கும் இடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது தெரிந்தது.

சென்சாருக்குள் தொடுமுனை உரசிச் செல்லும் தடம் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும் என்பதால், சக்கரத்தை அதே கோணத்தில் நிறுத்தி, பேட்டரி பிளக்கைக் கழற்றி, கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கவில்லை என்பதை அளந்து உறுதிசெய்துகொண்டு, சிக்னல் ஒயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தபடியே அதைக் கையால் வளைத்தேன். ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒட்டி வளையும் இடத்தில் மீட்டரின் ஒலி விட்டுவிட்டு வந்தது. மேலுறை முழுதாக இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து அறுந்திருந்தன.

வளைந்து கொடுக்கும் மெல்லிழை ஒயரைப் புதிதாகப் போட்டு, முழுத் திருப்பத்திலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கிளிப்பைத் தள்ளி மாட்டினேன். கழற்றி மாட்டியதில் சென்சார் சற்று நகர்ந்திருக்கக் கூடுமாதலால், நடுநிலையையும் இரு கோடிகளையும் கன்ட்ரோலரில் மறுபடி பதிவுசெய்த பிறகே வண்டியை ஓட்டுநரிடம் ஒப்படைத்தேன்.