தாய்ப்பத்திரம் இல்லாத தினாரியஸ்

எனக்குச் சொந்த ஊர் கரூர். அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு தேடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன், இப்போது லண்டனில் இருக்கிறேன். ரோமப் பேரரசன் டைபீரியஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு ஒன்று வாங்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. கரூர், கோவை வட்டாரப் புதையல்களில் அவனுக்கு முந்தைய பேரரசன் அகஸ்டஸின் காசுகளோடு அதிகம் கிடைத்தது இதுதான். ஒரு பக்கம் மன்னன் தலை, மறுபக்கம் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் பெண். எடை 4 கிராம்கூட இருக்காது. 'இராயனுடையதை இராயனுக்கு' என்று இயேசு சொன்னது இந்தக் காசைப் பார்த்துத்தான் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். அதனால் சாதாரணக் காசுதான் என்றாலும் விலை இறங்குவதில்லை.

சென்ற ஆண்டு ஓர் ஏலப் பட்டியலில் அப்படி ஒன்று வந்தது. டைபீரியஸின் முகத்தில் குறுக்கே ஒரு வெட்டு. கீழே, 'தென்னிந்தியாவில் கிடைத்திருக்கலாம், பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து' என்று ஒரு வரி. படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் இப்படித்தான் வெட்டியிருந்தார்கள். இந்தியாவில் கிடைத்த வெள்ளிக் காசுகள் சிலவற்றிலும் வெட்டு உண்டு. இது நம்ம ஊர் காசேதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் புத்தி வந்தது. நம்ம ஊர் காசு என்றால், அது எப்போது ஊரை விட்டுக் கிளம்பியது? 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளைத் தனியார் யாரும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. அதற்கு முன்பும், 1947-லிருந்தே, உரிமம் வேண்டும். ஊரில் அரை கிரவுண்டு வாங்குவதாக இருந்தாலும் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். இங்கே 'பழைய சேகரிப்பு' என்ற இரண்டு சொல்லை நம்பிப் பணம் கட்டப் பார்த்தேன்.

ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். யாருடைய சேகரிப்பு, எந்த ஆண்டு வாங்கியது, பில்லோ சீட்டோ இருக்கிறதா? விற்பவர் பெயரைச் சொல்ல இயலாது, 2000-க்கு முன்பே குடும்பத்தில் இருந்ததாகச் சொல்கிறார், காகிதம் எதுவும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சரி, விட்டுவிட்டேன். ஏலத்தில் அது எதிர்பார்த்ததைவிட அதிக விலைக்குப் போனது. வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்.

காகிதம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. சீசர் கொலையைக் கொண்டாடிப் புரூட்டஸ் அடித்த தங்கக் காசு ஒன்று 2020-ல் லண்டன் ஏலத்தில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. அதற்குச் சொன்ன பூர்வீகம் பொய் என்று பிறகு தெரிந்து, 2023-ல் அமெரிக்க அதிகாரிகள் அதைக் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து வேறோர் ஏலத்தில் இன்னொரு டைபீரியஸ். வெட்டு இல்லை, இந்தியத் தொடர்பும் இல்லை. ஆனால் கூடவே மஞ்சளேறிய ஒரு சீட்டு: 1960-களில் பாசெலில் (ஜெர்மன் பேசும் சுவிஸ் நகரம்) நடந்த ஏலம், லாட் (ஏலப் பொருளின் வரிசை எண்) 412. அந்தப் பழைய பட்டியல் இணையத்தில் கிடைத்தது. 412-ஐத் தேடிப் போனால், அங்கே இருந்தது வேறொரு ரோமப் பேரரசன், கலிகுலா! சீட்டு இடம் மாறியிருக்கலாம், அது அடிக்கடி நடக்கும். மூடிவைக்கப் போனவன், சும்மா அடுத்த படத்தாளைப் புரட்டினேன். 421-ல் டைபீரியஸ். ஜெர்மனில் 421-ஐ 'நானூற்று ஒன்றும் இருபதும்' என்றுதான் சொல்வார்கள். யாரோ வாயால் சொல்ல, இன்னொருவர் கேட்ட வரிசையில் 4, 1, 2 என்று எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஊகத்தை நம்பி வாங்க முடியாதே. பழைய பட்டியல்களில் பல நேரம் காசையே படம் எடுக்கமாட்டார்கள், பிளாஸ்டரில் அதன் நகல் எடுத்து அதைத்தான் படம் பிடிப்பார்கள். நிறத்தை வைத்து ஒப்பிட முடியாது, விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். கையால் அடித்த காசு என்பதால் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளுக்குக்கூட விளிம்பு ஒன்றுபோல இருக்காது. நாலு மணி திசையில் ஒரு சின்ன வெடிப்பு, நெற்றிக்கு மேல் விளிம்பு தட்டை, பின்பக்கம் ஓர் எழுத்து பாதி வெளியே. மூன்றும் பொருந்தின. தினாரியஸ் மாதிரிச் சில்லறைக் காசுகளுக்குப் பழைய பட்டியலில் பெரும்பாலும் படமே இருக்காது. இதற்கு இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஏலத்தில் 320 பவுண்டுக்கு எனக்கே விழுந்தது. 20 சதவீதக் கமிஷன், அதன் மேல் வரி எல்லாம் சேர்த்து 397-க்குக் கொஞ்சம் குறைவு.

பழைய சீட்டில் 412-ஐ அடித்துத் திருத்த மனம் வரவில்லை. என் கையெழுத்தில் புதுச் சீட்டு ஒன்று எழுதி, படத்தாளின் நகலோடும் பில்லோடும் அதே உறையில் வைத்திருக்கிறேன்: 'லாட் 421. பழைய சீட்டில் எண் மாறியிருக்கிறது.'