உதயகிரிச் சுவரின் பாசி

இன்று மாலை உதயகிரிக் கோட்டையில் எடுத்த ஒரே படத்தை நானும் என் தங்கை மகனும் தனித்தனியே எடிட் செய்தோம்.

கூரையில்லாத சிற்றாலயம், அதனுள் டிலனாயின் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட அந்த டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777-இல் மறைந்தார்.

அவன் நிழல்களை வெளுப்பாக்கி, நுண்விவரங்களைத் துலக்கும் கிளாரிட்டியை முழுவதும் ஏற்றினான். கல்லின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. எது முன்னே, எது பின்னே என்ற ஆழம் மட்டும் போய்விட்டது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தையும் கூட்டியபோது, மழையில் ஊறிய சுவரின் பச்சைப் பாசி காய்ந்த மண்ணாயிற்று. குமரி மாவட்டத்துச் சுவர் ராஜஸ்தானத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது!

நான் கருப்பு வெள்ளைக்கு மாற்றி, பச்சையின் ஒளியளவை மட்டும் குறைத்தேன். கல்வெட்டில் லத்தீனோடு தமிழும் உண்டு; எழுத்துப் பள்ளங்களில் படிந்திருந்த பாசி கருமையாகவே, நேரில் நான் தடவித் தடவிப் படித்த எழுத்துகள் படத்தில் தாமாகவே எழுந்து நின்றன. ஆனாலும் பாசியின் பச்சையை நானும் தொலைத்தவன்தான். இருவரில் எவர் சிதைவுக்கு உண்மையாக இருந்தோம் என்று சொல்வது எளிதன்று.

“மாமா, உங்க படத்துல வானம் வெறும் வெள்ளையா இருக்கே” என்றான்.

மழை மேகம் மூடியிருந்த மாலை அது. வானம் வெள்ளையாகத்தான் இருந்தது.