மூச்சு கேட்கிறது

ஜனவரி 9

என் ஃப்ளூட் கச்சேரியின் நிரல் முடிவாகிவிட்டது. முதலில் எட்கார் வரேஸின் 'டென்சிட்டி 21.5', தனி ஃப்ளூட். அடுத்து ஜான் கேஜின் 'ரியோவான்ஜி'. பிறகு நண்பர் ஒருவர் ஆல்டோ ஃப்ளூட்டுக்கும் (கீழ்ச்சுருதிக் குழல்) வைப்ரஃபோனுக்கும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) எழுதித் தந்த ஏழு நிமிடப் புதுப் படைப்பு. கடைசியில் லூ ஹாரிசன் 1939இல் எழுதிய கான்செர்டோ. கான்செர்டோ என்றால் வழக்கமாக ஒரு தனிக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. இதற்கு அந்தப் பெயர், ஆனால் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. ஒரு ஃப்ளூட், தாளத்துக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். தோழி ஒருத்தி இருக்கிறாள்; இன்னொருவரைத் தேட வேண்டும்.

ஜனவரி 14

இன்று முழுக்க வரேஸ். 1936இல் ஃப்ளூட் கலைஞர் ஜார்ஜ் பரேரின் பிளாட்டினம் ஃப்ளூட்டுக்காக எழுதியது, 21.5 என்பது பிளாட்டினத்தின் அடர்த்தி. நடுவில் ஓரிடத்தில் மென்மையாக ஊதிக்கொண்டே விசைகளைப் பலமாகத் தட்ட வேண்டும். மூடி துளையில் விழும் 'டக்' சத்தமும் சுரமும் ஒரே கணத்தில் வர வேண்டும். விரலை அதிகம் தூக்கினால் சத்தம் முந்துகிறது. தூக்காவிட்டால் எனக்கு மட்டும்தான் கேட்கும். அரை அங்குலம் சரியாக இருக்கிறது. தாளவாத்தியமே இல்லாத படைப்பில் குழலே தாளவாத்தியம் ஆகிவிடுகிற அந்த நான்கைந்து அடிகளுக்காகத்தான் இதை முதலில் வைத்தேன்.

ஜனவரி 22

கேஜுக்கு வேண்டியது மரச்சத்தம் ஒன்று, உலோகச்சத்தம் ஒன்று. இரண்டும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும், ஒன்று மற்றதை மிஞ்சக் கூடாது. தோழி ஒரு மேசை நிறையப் பொருட்களைப் பரப்பி இரண்டு மணி நேரம் தட்டிப் பார்த்தாள். உலோகம் நீளமாக இழுத்தது, மரம் உடனே செத்தது. கடைசியில் உலோகத்தின் மேல் ஒரு மடித்த துணியைப் போட்டாள். அப்போது இரண்டும் கலந்து, மரமும் இல்லாத உலோகமும் இல்லாத மூன்றாவது சத்தம் ஒன்று வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

ஜப்பானின் கியோட்டோவில் கல் தோட்டம் உள்ள ஒரு கோயிலின் பெயர்தான் ரியோவான்ஜி. 15 கற்கள், சுற்றிலும் வாரிவிட்ட மணல். கேஜ் தன்னிடமிருந்த கற்களைச் சுற்றிக் கோடு வரைந்து, அந்த வளைவுகளையே ஃப்ளூட்டுக்குக் கொடுத்தார். தாளம்தான் மணல். என் பங்கு முழுக்க வழுக்கல்தான், ஒரு சுரத்திலும் நிற்க முடியாது. கூடவே ஒலிக்க வேண்டிய மற்ற வளைவுகளை நானே ஊதிப் பதிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 29

வைப்ரஃபோனின் சுருதியை யாராலும் அசைக்க முடியாது. எங்களுடையது 442 ஹெர்ட்ஸ் சுருதியில் இருக்கிறது. குளிர்ந்த அறையில் ஆல்டோ ஃப்ளூட் கீழே இறங்கிக் கிடந்தது. ஊத ஊதக் குழலுக்குள் காற்று சூடாகி மேலே ஏறியது. நகர வேண்டியவள் நான்தான்.

நண்பரின் படைப்பில் தோழி வைப்ரஃபோனின் அலுமினியப் பட்டையின் ஓரத்தில், வயலின் வாசிப்பதுபோல், வில்லை இழுக்கிறாள். தட்டும் சத்தமே இல்லாமல் எங்கிருந்தோ சுரம் வருகிறது. அதே சுரத்தில் நான் சேரும்போது சற்றுப் பிசகினாலும் 'வவ்வவ்வவ்' என்று அலைகிறது. முதலில் அது வைப்ரஃபோனில் உள்ள மோட்டாரின் அதிர்வு என்று நினைத்தோம். மோட்டாரை நிறுத்திய பிறகும் அலை நிற்கவில்லை. உதட்டைக் கொஞ்சம் உருட்டினேன். அலை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. அதற்கு மேல் எது குழல், எது பட்டை என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 3

இரண்டாவது தாளக் கலைஞர் வந்துவிட்டார். ஹாரிசனை முதல்முறை முழுதாக வாசித்தோம். ஒவ்வொரு தொடக்கமும் சிதறியது. நான் தலையசைத்துப் பார்த்தேன், புருவத்தைத் தூக்கினேன், குழலை ஆட்டினேன். சரிவரவில்லை. அவர்கள் கண் மேலட் (தட்டும் கோல்) விழும் இடத்தில் இருக்கிறது, என் மேல் எப்படி இருக்கும்?

அப்புறம் தோழி சொன்னாள்: "நீ மூச்சை மறைக்காதே. அது கேட்டால் எங்களுக்குப் போதும்."

சின்ன வயதிலிருந்து சத்தமில்லாமல் மூச்சு எடுக்கத்தான் பழகியிருக்கிறேன். பதினைந்து வருடப் பழக்கம். இன்று முதல்முறையாகக் காது கேட்க இழுத்தேன். வேகமான பகுதிக்குச் சட்டென்று, மெதுவான இரண்டாம் பகுதிக்கு நீளமாக. மேலட் தோலில் இறங்கிய கணமும் என் முதல் சுரமும் ஒன்றாக வந்தன. மூச்சின் நீளத்திலேயே அவர்களுக்கு வேகம் தெரிந்துவிடுகிறது. இத்தனை நாள் இதை ஒளித்து வைத்திருந்தேனே என்று இருக்கிறது.

பிப்ரவரி 6

மேடையில் இடம் பார்த்தோம். என்னை முன்னால் வைக்காமல் இருவருக்கும் நடுவில் நிறுத்தச் சொன்னேன். மரத் தாளக்கருவிகளின் சத்தத்துக்கு மேல் என் குழலின் கீழ் ஸ்தாயி எடுபடவில்லை. அவர்கள் மென்மையான மேலட்டுக்கு மாறினார்கள்.

பிப்ரவரி 8

கச்சேரி முடிந்தது. விளக்குச் சூட்டில் சுருதி ஏறிவிட்டது, குழலின் தலைப்பாகத்தைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. கேஜில் ஓரிடத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமலும் மணலுக்குள் போய்விட்டது. ஹாரிசனின் இரண்டாம் பகுதிக்கு முன்னால் அரங்கம் அடங்கும்வரை காத்திருந்தோம். நான் மூச்சை இழுத்தேன். முன்வரிசையில் ஒரு பெண்மணியும் என்னோடு சேர்ந்து மூச்சிழுத்தது தெரிந்தது.

பிப்ரவரி 11

ஒலிப்பதிவு வந்தது. பதிவு செய்தவர் கேட்டார், மூச்சுச் சத்தங்களை எடுத்துவிடட்டுமா என்று. ஒன்றைக்கூடத் தொட வேண்டாம் என்றேன். கேஜில் மட்டும் பதிவு செய்த குழலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லியிருக்கிறேன்.