பிராடோ தேடிப் போய் பஜேரோ வாங்கிய கதை: பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் பார்ப்பவர்களுக்கு

டொயோட்டா பிராடோதான் என்று முடிவு செய்துகொண்டு தேட ஆரம்பித்தேன், இப்போது வாசலில் நிற்பது மிட்சுபிஷி பஜேரோ. வண்டியில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த பிராடோ விஷயத்தில் அலைந்த அலைச்சல் இன்னும் ஆறவில்லை, அதே வழியில் போகிற யாருக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தது 120 சீரிஸ் பிராடோ, 2002 முதல் 2009 வரை வந்த தலைமுறை, 3.0 லிட்டர் டி-4டி டீசல் இன்ஜின். இன்னொன்று 2006-இல் வந்த நான்காம் தலைமுறை பஜேரோ, 3.2 லிட்டர். பிராடோவுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்), பின்னால் முழு ஆக்ஸில், எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும். பஜேரோவில் சேஸிஸ் பாடியோடு சேர்ந்தே இருக்கும், பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், சாதாரண ரோட்டில் பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) விகிதம் பிராடோவில் 2.566, பஜேரோவில் 1.9, அதனால் செங்குத்தான கல் பாதையில் ஊர்ந்து இறங்க பிராடோ ஒரு படி மேல். இவ்வளவையும் வைத்துத்தான் பிராடோ பக்கம் சாய்ந்தேன்.

விற்பவரிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சரி சார் என்றார். போய் பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது! "பையன் டீசல் போட எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். இது சின்ன விஷயமில்லை. அந்த இன்ஜினில் முதலில் கவனிக்க வேண்டியது டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்தான், அது தேய்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்கிற முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் கடகடவென்ற சத்தமும் வெள்ளைப் புகையும் வெளிவரும், சூடான பிறகு எல்லாம் அடங்கி நல்ல பிள்ளையாகிவிடும். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். அந்த நிலைக்குப் போன இன்ஜின் உங்கள் தலையில்தான் விழும். அடுத்த முறை விடியற்காலையிலேயே சொல்லாமல் போய் நின்றேன், அப்போதும் வண்டி வெளியே போயிருந்தது.

டைமிங் பெல்ட் (வால்வுகளை இன்ஜினோடு ஒத்து ஓட்டும் பெல்ட்) மாற்றியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "லைட்டே எரியலையே, அப்புறம் என்ன?" என்று பதில். இதை நம்பவே நம்பாதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் அந்த பெல்ட் விளக்கு கிலோமீட்டரை மட்டும்தான் எண்ணுகிறது, பெல்ட்டை அது பார்ப்பதில்லை. குறித்த தூரம் வந்ததும் எரியும், பெல்ட்டைத் தொடாமலேயே ரீசெட் செய்து அணைத்துவிடலாம். பல நாடுகளில் 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எனவே பில் வேண்டும், அதில் கிலோமீட்டரும் எழுதியிருக்க வேண்டும். அவரிடம் பில் இல்லை.

விற்பவரைவிட எனக்குக் கோபம் வாங்கும் முன் வண்டியைப் பரிசோதித்த ஒர்க்‌ஷாப் மேல்தான். காசு கட்டி வண்டியை அனுப்பினேன், ஒரு தாளில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டு "சேஸிஸ்: நல்ல நிலை" என்று கொடுத்துவிட்டார்கள். நான் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு, கையில் ஒட்டாத குறை. பழைய வண்டிக்கு அடியில் மண்ணும் ஆயில் கறையும் இருப்பதுதான் இயல்பு, திடீரென்று பளபளவென்றிருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள். பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கணீரென்று கேட்டது, அங்கே மட்டும் மொத்தென்று. நுனியால் லேசாகச் சுரண்டியதும் கறுப்புத் தோலோடு துரு அடுக்கடுக்காக உரிந்து முகத்தில் விழுந்தது. வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேலும் அதே பூச்சு, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. இதைப் பார்த்து யாரும் பெயர் மாற்றித் தரமாட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்தால் கூடவே போங்கள், லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே நின்று பாருங்கள்.

அப்போதே விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். துருவைக் காட்டியதும் அவர் விலையைக் கணிசமாக இறக்கினார், வெல்டிங் செய்து சரிப்படுத்தலாம் என்று மெக்கானிக்கும் சொன்னார், அதனால் பேப்பரைப் பார்ப்போம் என்றேன். பதிவுப் புத்தகம் அவரிடம் இல்லை, கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறதாம், கடன் முடிந்துவிட்டதாம், போய் வாங்க வேண்டியதுதான் பாக்கியாம். அதற்குள் அட்வான்ஸ் வேண்டும் என்றார். புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பைசா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கே நேரில் வருகிறேன், அங்கேயே வாங்கிக் கையில் கொடுக்கிறேன் என்று நாள் குறித்தார். லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஆள் வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "கடன் வாங்கினவர் வராம எதுவும் சொல்ல முடியாது" என்றார். விதி அதுதான், புரிகிறது. ஆனால் "கடன் முடிந்துவிட்டால் வாடிக்கையாளருக்கு என்ன பேப்பர் தருவீர்கள்" என்ற பொதுவான கேள்விக்குக்கூட பதில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனவர் திரும்பி வந்து பக்கத்துக் கவுன்டரைக் காட்டினார், அங்கே இருந்தவர் மறுபடி இவரைக் காட்டினார். ஷட்டர் இறக்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினேன். பிராடோ கதை அங்கே முடிந்தது.

பஜேரோவில் கடன் ஏதும் இல்லை, புத்தகம் விற்பவர் பெயரிலேயே இருந்தது. போனபோது வண்டியைக் கழுவக்கூட இல்லை, பானெட் ஜில்லென்று இருந்தது, அதற்கே பாதி மனசு வந்துவிட்டது. இந்த இன்ஜினில் பெல்ட் கிடையாது, செயின். ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிக்குச் செயின் கலகலத்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ செயினோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியோ, ஏசி எல்லாம் அணைத்துவிட்டு, வேறு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் இன்ஜின் முன்னால் நின்று கேளுங்கள். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஃபோர் வீல் டிரைவை ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. 2எச்-இலிருந்து (பின் சக்கரம் மட்டும்) 4எச்-க்கு (நான்கு சக்கரமும்) மாற்றியதும் டேஷ்போர்டில் முன் சக்கர விளக்குகள் சிமிட்டிவிட்டு நிலையாக நிற்க வேண்டும். இந்த வண்டியில் சிமிட்டிக்கொண்டே இருந்தது. விற்பவர் பதறிவிட்டார், அவர் அந்த லிவரைத் தொட்டே பல காலமாம். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் முன் ஆக்ஸிலை இணைக்கிற வேக்வம் (காற்றை உறிஞ்சி இயங்கும்) அமைப்புக்குப் போகும் ஒரு சின்ன ரப்பர் குழாய் வெடித்திருந்தது, வயதான ரப்பர், அவ்வளவுதான். குழாயை மாற்றியதும் விளக்கு நின்றது, அதற்குள் விலையும் நன்றாகவே இறங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியலை லாக் செய்து மண் தரையில் மெதுவாக வட்டம் அடித்தோம். ஸ்டீரிங் கனத்து டயர் இழுத்தால் லாக் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள், பல்சக்கரங்களுக்குக் கேடு.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். எந்நேரமும் நான்கு சக்கரம் இழுக்கிற வண்டியில் இரண்டு புது டயரும் இரண்டு மொட்டை டயரும் இருந்தால் சென்டர் டிஃபரன்ஷியல் ஓய்வே இல்லாமல் வேலை செய்து கெடும்.

பெயர் மாற்றம் ஒரே காலையில் முடிந்தது. வாங்கிய உடனே இன்ஜின் ஆயிலோடு கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (நான்கு சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பும் பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஆயில் மாற்றினேன், டீசல் ஃபில்டரும் புதிது. பின் டிஃபரன்ஷியலில் பழைய ஆயில் பால் கலந்த மாதிரி வந்தது, எங்கேயோ தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். சீலும், காற்று போய்வர இருக்கும் பிரீதர் குழாயும் மாற்றியாகிவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அந்த ஆயிலை மட்டும் இன்னொரு முறை இறக்கிப் பார்க்கப் போகிறேன்.