பழைய போனவில்லுக்குப் புது வயரிங்: ஹார்னஸை நம்பாதீர்கள், எர்த்தை விடாதீர்கள்

பழைய ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் என்று எந்த பிரிட்டிஷ் பைக் வைத்திருந்தாலும், முழு வயரிங்கையும் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுங்கள். என்னுடையது 1968 ட்ரையம்ப் போனவில் டி120. வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது. ஆனால் ஹார்னஸ் (வண்டியின் வயர்களெல்லாம் சேர்ந்த ஒரே கட்டு) விற்றவர் மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டுமா என்ற சந்தேகம் டேங்கைக் கழற்றிய அன்றே தீர்ந்துவிட்டது. டேப்பைப் பிரித்தால் வயரின் உறை விரல் பட்ட இடத்தில் உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பியில் பச்சை பூத்து, உறைக்குள்ளேயே ஒரு விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர்கள் அறுந்த இடத்திலெல்லாம் கைக்குக் கிடைத்த நிறத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். இப்படிப்பட்டதை ஒட்டுப்போட்டு ஓட்டவே கூடாது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் கரண்ட் ஓடும் லைவ் வயர் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷத்து மாடலுக்கென்றே கேட்டு ரெடிமேட் ஹார்னஸ் வாங்கினேன். வந்தது அதற்கு முந்தைய மாடலுக்கானது. 1968-ல் இக்னிஷன் சுவிட்ச் பக்கவாட்டுப் பேனலிலிருந்து ஹெட்லைட் பிராக்கெட்டுக்கு மாறியது, ஸீனர் டையோடும் (பேட்டரிக்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாகம்) ஹெட்லைட்டுக்கு அடியில் போனது. வந்த ஹார்னஸில் அந்த இரண்டு கிளைகளும் சீட்டுக்கு அடியிலேயே முடிந்துவிட்டன. விற்றவரைக் கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான், வயர் நீட்டி ஜாயின்ட் போட்டுக்கோங்க” என்கிறார். ஜாயின்ட்டே இருக்கக் கூடாது என்றுதானே புதிதாக வாங்குகிறோம்! விடாமல் பேசி, போட்டோ எடுத்து அனுப்பி, ஒரு வழியாக மாற்றிக் கொடுத்தார். ஆர்டர் கொடுக்கும்போது மாடல் பெயரையும் வருஷத்தையும் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். சுவிட்ச், ஸீனர், ரெக்டிஃபையர் (ஏசி கரண்டை டிசியாக்கும் பாகம்) எங்கெங்கே இருக்கின்றன என்று படம் எடுத்தே அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது ஹார்னஸ் அளவாகப் பொருந்தியது. பொருத்தும் வேலை சுலபம்தான். டேப்பை இறுக்குவதற்கு முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், அது போதும்.

பேட்டரியை நேரடியாகக் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பைத் தொடராக இணைத்தேன். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், அவ்வளவுதான். இரண்டு ஆம்பியருக்குக் குறைவாகவே ஓடுமென்பதால் வயர் கருகாது. பாயின்ட்ஸ் (ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடர்பு முனைகள்) வயர்களைக் கழற்றிவிட்டு, லைட்டை ஆஃப் செய்துவிட்டு, சாவியைத் திருப்பினேன். பல்பு பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கிக்கொண்டே வந்ததில், ஸீனர் கிளையைப் பிடுங்கியதும் அணைந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், அந்தக் கிளையில் எர்த்துக்கான (சேஸிஸ் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி; இந்த வண்டிகளில் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனை) சிவப்பு வயரும் லைவ் வயரும் உள்ளேயே இடம் மாறி இருக்கின்றன! நிறத்தைப் பார்த்து மாட்டியதில் லைவ், ஹீட் சிங்க் (ஸீனரின் சூட்டை இறக்கும் உலோகத் துண்டு) வழியாக நேரே சேஸிஸில் இறங்கியிருக்கிறது. பல்பு இல்லாமல் பேட்டரியைக் கொடுத்திருந்தால் புது ஹார்னஸ் மொத்தமும் புகைந்திருக்கும். பேக்கிங் பிரித்ததும் ஒவ்வொரு வயரையும் இரு முனையிலும் மல்டிமீட்டரின் பீப் வைத்துச் சரிபாருங்கள். நிறம் வெறும் வாக்குறுதிதான்.

ஃப்யூஸ் விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இப்போதைய பிளேடு ஃப்யூஸில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து 35 ஆம்பியர் பிளேடு போட்டால் ஃப்யூஸுக்கு முன் வயர் எரிந்துவிடும். 15 ஆம்பியர் போட்டிருக்கிறேன், இன்றுவரை போகவில்லை.

இதற்கெல்லாம் பிறகும் ஹெட்லைட் மங்கல். ஹாரன் அடித்தால் இன்னும் மங்கும். இதுதான் என்னை அதிகம் படுத்தியது. சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் செய்திருந்ததால் போல்ட் இறுக்கிய இடமெல்லாம் பூச்சு, இரும்பும் இரும்பும் எங்கேயும் சேரவில்லை. ஹெட்லைட்டின் எர்த், கிரீஸ் அப்பிய ஸ்டீயரிங் பேரிங் வழியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஹெட்லைட் ஷெல்லிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் 1.4 வோல்ட். எர்த்திலேயே அவ்வளவு போனால் லைட் எப்படி எரியும்? லைட் எரியாத நேரத்தில் அளந்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது, லோடு இருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

சுரண்டிக்கொண்டு உட்காராமல் தனி எர்த் வயர் இழுத்தேன். ஹெட்லைட் ஷெல், டெயில் லைட், ரெக்டிஃபையர், இன்ஜின் ஹெட் போல்ட் ஆகிய நான்கிலிருந்தும் சிவப்பு வயர் நேராக பேட்டரி பாசிட்டிவுக்கு. இன்ஜினை விட்டுவிடாதீர்கள், பாயின்ட்ஸும் பிளக்கும் எர்த்தாவது இன்ஜினில்தான். இதைச் செய்ததும் ஹெட்லைட் வெள்ளையாக எரிந்தது. கூடவே, கார்புரேட்டர் கோளாறு என்று எல்லோரும் சொன்ன இன்ஜின் திணறலும் நின்றுவிட்டது! அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ரெக்டிஃபையர் பழைய தட்டு வகையாக இருந்தால் நட்டை இறுக்கும்போது போல்ட்டின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டுகள் திரும்பினால் உள்ளே இணைப்பு அறுந்துவிடும். வயர் முனைகளைச் சேர்க்கும் புல்லட் கனெக்டர்களுக்கு அதற்கேயுரிய கிரிம்பிங் டூல் வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியது அதிர்வில் நிற்காது.

இன்னொன்று, இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரி மாற்றுகிறவர்கள் பழக்கதோஷத்தில் நெகட்டிவைச் சேஸிஸில் கொடுத்தால் ரெக்டிஃபையர் அங்கேயே காலி. பேட்டரிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வெளியே மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் சாவியோடு அதையும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

இப்போது 3000 ஆர்பிஎம்மில், ஹெட்லைட் எரியும்போதே பேட்டரியில் 13.9 வோல்ட் காட்டுகிறது. ஆம்மீட்டர் முள்ளும் பிளஸ் பக்கம் நிற்கிறது. மாறிய வயர்களைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன், பதில் இல்லை. அதே தொகுப்பிலிருந்து வேறு யாருக்காவது ஹார்னஸ் போயிருக்குமோ என்பதுதான் என் கவலை. இந்த மாடலுக்குச் சமீபத்தில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், சாவியைத் திருப்பும் முன் அந்த ஸீனர் கிளையை மட்டுமாவது மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.